பிறந்ததற்குச் சாட்சி

மிளகுக் கரை, சுமத்திரா
1804 செப்டம்பர் 12

அன்புள்ள கெசையா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் சுகமில்லை. நீயும் பல்வலி இல்லாத சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

மூன்று மாதமாக இந்தக் கரையில் கிடக்கிறோம். மலையிலிருந்து மிளகு வந்தால் ஏற்றுவோம். வராவிட்டால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். படுக்கை, சட்டை, ரொட்டி எல்லாவற்றிலும் மிளகு. கேப்டன் ஜெபம் சொல்லும்போது பத்துப் பேர் சேர்ந்து தும்முகிறோம். நம் தெரு சைலஸ் ட்ரெவெட் இருக்கிறானே, அவன் ஆமென் சொல்வதையே விட்டுவிட்டான். "தும்மலே போதும்டா, கர்த்தருக்குப் புரியும்" என்கிறான்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நீ எப்படித் தனியாக இருக்கிறாய் என்று அடிக்கடி நினைக்கிறேன். பகலில் உன் பள்ளிப் பிள்ளைகள் சத்தம் இருக்கும். அவர்கள் போன பிறகு? நான் ஏப்ரலுக்குள் வந்துவிடுவேன். அதுவரை என் நாற்காலியை யாருக்கும் கொடுக்காதே.

உன் தம்பி,
ஜேபஸ் டோலிபர்


பிரிட்ஜ்டவுன் துறை, பார்படோஸ்
1805 மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன், உடம்பில் காயமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ நலமா?

இதை நம் கப்பலிலிருந்து எழுதவில்லை. வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் பயணம் மிச்சமிருந்தபோது, ஆங்கிலேய அரசரின் போர்க்கப்பல் ஒன்று எங்களை நிறுத்தியது. அதற்கு ஆள் பற்றாக்குறை. லெப்டினன்ட் ஒருவன் ஏறிவந்து எங்களை வரிசையில் நிறுத்தினான்.

"எங்கடா பொறந்தே?"

"மார்பிள்ஹெட், சார். மாசச்சூசெட்ஸ்."

"நாக்குல கார்ன்வால் வாடை அடிக்குதே! நீ எங்க ஆளுடா."

நம் ஊரில் எல்லோர் நாக்கும் அப்படித்தான் என்றேன். சுங்கத்துறை கொடுத்த குடியுரிமைச் சீட்டைக் காட்டினேன். "இது ஒரு டாலருக்கு எந்தச் சந்துலயும் கிடைக்கும்" என்று கடலில் எறிந்தான். சைலஸுடையதும் போயிற்று. நம் கேப்டன் கெஞ்சினார். பீரங்கிகளைப் பார்த்தபிறகு பேசாமலிருந்துவிட்டார்.

இங்கே முந்நூறு பேர். தூங்க ஒரு முழம் அகலம். பிரான்சோடு சண்டை முடியும்வரை விடமாட்டார்களாம். அது எப்போது முடியும் என்று பிரான்சுக்கும் தெரியாது.

ஒரு வழி உண்டு. நான் அமெரிக்க மண்ணில் பிறந்தவன் என்று நம் சபையின் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து ஒரு நகல், போதகர் கையெழுத்தோடு வந்தால் விட்டுவிடுவதாக இந்தக் கப்பலின் கேப்டன் சொல்லியிருக்கிறார். கடுமையானவர், ஆனால் சொன்ன சொல் மாறாதவர் என்கிறார்கள். ஒரே ஒரு காகிதம், அக்கா. நம் ஊர்க் கருவாட்டுக் கப்பல்கள் இங்கே வருகின்றன. யாரிடமாவது கொடுத்தனுப்பு.

அவசரத்தில்,
ஜேபஸ்


மார்பிள்ஹெட்
1805 ஏப்ரல் 28

அன்புத் தம்பி ஜேபஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா? பல்வலி எப்படி இருக்கிறது?

அன்றே பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டுப் போதகரிடம் போனேன். சைலஸுக்கான நகல் இத்துடன் வருகிறது. உன் பெயர் புத்தகத்தில் அகப்படவில்லை. அது கடுமையான குளிர்காலம். கைக்குழந்தையை வெளியே எடுத்துவர முடியாமல் போயிருக்கலாம். பிறகு மறந்திருக்கலாம். அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே.

அதற்குப் பதிலாக நம் தெருவில் ஐந்து பேர் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள், உன்னைக் கைக்குழந்தையிலிருந்தே அறிவோம் என்று. கப்பல் பாய் தைக்கும் பௌடன் கிழவர், "பய கத்துன கத்துல தெருவுல ஒருத்தரும் தூங்கலை. இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?" என்றார். மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இது போதும் என்று நம்புகிறேன். உன் நாற்காலியில் என் தையல் கூடை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது.

உன் அக்கா,
கெசையா


பிரிட்ஜ்டவுன்
1805 ஜூன் 10

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சைலஸ் போய்விட்டான். அவன் நகலைக் கேப்டன் ஒருமுறை படித்தார், தலையசைத்தார், முடிந்தது. என்னுடையதை இரண்டு முறை படித்தார்.

"குழந்தையைப் பார்த்தோம்ங்கிறாங்க. பொறந்ததை யாரு பார்த்தது?"

காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க சுதந்திரச் சண்டை ஓஞ்ச வருஷம் எங்க ஹாலிஃபாக்ஸ்லேருந்தும் பிரிஸ்டல்லேருந்தும் எத்தனை பொம்பளைங்க இடுப்புல பிள்ளையோட உங்க ஊருல வந்து எறங்கினாங்க தெரியுமா? பொறந்த இடத்துக்குச் சாட்சி கொண்டா. இல்லேன்னா பெத்தவளோட சத்தியம்."

பெற்றவள் மண்ணுக்குள் இருக்கிறாள் என்றேன். அவர் வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அக்கா, அம்மா மறதிக்காரி என்று எழுதியிருந்தாய். அவள் ஊறுகாய்ப் பானையில்கூடத் தேதி எழுதி வைப்பவள். உன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழந்தையிலேயே செத்துப்போன நம் ஆபியேல் பெயர்கூட இருக்கிறது. என்னுடையது மட்டும் ஏன் இல்லை? எந்த வீட்டில் பிறந்தேன், எந்த மருத்துவச்சி பார்த்தாள்? நீ அப்போது பதினேழு வயதுப் பெண். உனக்கு நினைவிருக்காதா?

சைலஸ் இருந்தவரை நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது முந்நூறு பேர் பேசுகிறார்கள். என்னோடு யாரும் இல்லை.

ஜேபஸ்


மார்பிள்ஹெட்
1805 ஜூலை 8

அன்புத் தம்பி ஜேபஸுக்கு,

நான் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே இது காய்ச்சல் காலம் என்கிறார்கள்.

இங்கே கரையெல்லாம் மீன் காய்கிறது. பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். லிடியா என்ற சிறுமி ஏழாம் எழுத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறாள். சைலஸ் வந்து பார்த்தான். உன் முடி நீளமாக வளர்ந்திருக்கிறது என்றான். பிறகு தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ கேட்டதை மறக்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். கொஞ்சம் பொறு.

உன் அக்கா,
கெசையா


பிரிட்ஜ்டவுன்
1805 ஆகஸ்ட் 15

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

மஞ்சள் காய்ச்சலில் இதுவரை முப்பத்தொரு பேர். என் வலப்பக்கத்துத் தொங்கல் படுக்கையில் இருந்தவன் நேற்று. இடப்பக்கத்தில் இருந்தவன் கரைக்கு நீந்தப் பார்த்துப் பிடிபட்டான். அவனுக்கு முப்பத்தாறு சாட்டையடி. எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

அக்டோபர் இறுதியில் இந்தக் கப்பல் இங்கிலாந்துக்குப் போகிறது. அங்கே எங்களை வேறு கப்பல்களுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். அப்புறம் எந்தக் காகிதமும் என்னைக் கண்டுபிடிக்காது.

கரையில் காயும் மீனைப் பற்றி எழுதுகிறாய். லிடியாவைப் பற்றி எழுதுகிறாய். என் கேள்விக்கு ஒரு வரி இல்லை. உனக்கு ஏதோ தெரியும். நான் எங்கிருந்தோ எடுத்து வளர்க்கப்பட்டவனா, கரையில் ஒதுங்கியவனா, ஆங்கிலேயனுக்கே பிறந்தவனா? எதுவானாலும் சொல். இல்லையென்றால் என்னை விட்டுவிட்டேன் என்றாவது ஒரு வரி எழுது. காத்திருப்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

ஜேபஸ்


மார்பிள்ஹெட்
1805 செப்டம்பர் 14

என் ஜேபஸுக்கு,

காய்ச்சல் உன்னைத் தொடாதிருக்கட்டும்.

இத்துடன் அரக்கு முத்திரை வைத்த காகிதம் ஒன்று இருக்கிறது. பிரிக்காமல் கேப்டனிடம் கொடு. உன்னை நான் விட்டுவிடவில்லை. இதைச் சீக்கிரம் அனுப்பாதது என் குற்றம். அதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

இபிஸ்விச்சுக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு மூதாட்டியைப் பார்த்து, வண்டி பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துவர வேண்டியிருந்தது. எண்பது வயது. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா யோசிச்சியாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மாஜிஸ்திரேட்டும் அதையேதான் கேட்டார். "அம்மா, இது எழுதினா பதிவாயிடும். ஊருல மூடி வைக்க முடியாது." எழுதுங்கள் என்றேன்.

அந்தக் காகிதத்தில் இருப்பது உண்மை. அதை மட்டும் நம்பு.

கெசையா


பாஸ்டன், துறைமுகத் தெரு
1805 டிசம்பர் 30

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

எனக்கு விடுதலை கிடைத்தது அக்டோபர் 19. பாஸ்டனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. திருமதி ஹோவ் என்ற விதவையின் விடுதியில் தங்கியிருக்கிறேன். இங்கிருந்து மார்பிள்ஹெட் பதினெட்டு மைல். நடந்தே வந்திருக்கலாம். இருமுறை கிளம்பினேன். ஒருமுறை லின் ஊர் வரைக்கும் வந்தேன்.

காகிதத்தைப் பிரிக்காதே என்றாய், பிரிக்கவில்லை. கேப்டன் அறையில் எழுத்தர் அதை உரக்கப் படித்தான். லெப்டினன்ட் இருந்தான், கப்பல் வைத்தியர் இருந்தார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கெசையா டோலிபர், வயது முப்பத்தெட்டு, மணமாகாதவள், வேதத்தின்மேல் கைவைத்துச் சொல்வது: மேற்படி ஜேபஸ் என் வயிற்றில் பிறந்தவன். 1784 பிப்ரவரி 9, மாசச்சூசெட்ஸ் மாநிலம் இபிஸ்விச்சில், மருத்துவச்சி ஹானா லாம்சன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு மேலுள்ள அறையில். என் தாயார் அவனைத் தன் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி வளர்த்தார்.

லெப்டினன்ட் சிரித்தான். கேப்டன் திரும்பிப் பார்த்தார். "சிரிச்சது போதும். வெளியே போ."

பிறகு என்னிடம், "உனக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

காகிதத்தை மடித்து எழுத்தரிடம் கொடுத்தார். "பிள்ளையை மீட்க ஆயிரம் பொய் கேட்டிருக்கேன். எந்தப் பொம்பளையும் இப்படி ஒரு பொய்யைத் தன் தலையில அள்ளிப் போட்டுக்கமாட்டா. நீ போகலாம்."

உன் அவமானம்தான் எனக்குச் சாட்சியாயிற்று. உன்னை முன்பின் அறியாத நாலு பேரோடு சேர்ந்து நின்று அதைக் கேட்டேன். படகில் இறங்கும்போது ஏணிப்படியைத் தவறவிட்டேன். சந்தோஷத்தில் என்று மாலுமிகள் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு கேள்விகள். அவர் யார்? அம்மா, உன் அம்மா, செத்த பிறகாவது ஏன் சொல்லவில்லை?

ஜேபஸ்


மார்பிள்ஹெட்
1806 ஜனவரி 6

ஜேபஸுக்கு,

நீ இந்தக் கரையில் கால் வைத்தாய் என்பதே எனக்குப் போதும். நான் சுகமாக இருக்கிறேன். இப்போது ஓய்வும் நிறையக் கிடைக்கிறது.

உன் முதல் கேள்வி. அவர் பெயர் ஜோதாம் ஹாஸ்கல். இங்கே பக்கத்துக் குளோஸ்டர் ஊர்க்காரர், வயது இருபது. சண்டை ஓய்ந்த வசந்தத்தில் பாய்மரம் மாற்ற இங்கே வந்த கப்பலில் இருந்தார். இரண்டு மாதப் பழக்கம். மீன் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனார்கள். இலையுதிர்காலத்தில் திருமணம் என்று பேச்சு. அந்தக் கப்பல் எங்கும் போய்ச் சேரவில்லை. ஏமாற்றிவிட்டுப் போனவர் இல்லை, ஜேபஸ். போனவர், அவ்வளவுதான். சிரிக்கும்போது உனக்கு இடக்கண் சுருங்குகிறதே, அது அவருடையது.

அம்மா என்னை இபிஸ்விச்சுக்குக் கூட்டிப்போனாள். மார்ச் மாதம் உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்பா அன்று உயிரோடு இருந்ததால் ஊர் நம்பியது. ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. "ஊருக்குப் பொய் சொல்றேன்டி, சொல்லிட்டுப் போறேன். கர்த்தரோட புத்தகத்துல அந்தப் பொய்யை எழுத வைக்கமாட்டேன்" என்றாள். உன் பெயரை மட்டும் என்னிடம் விட்டாள். வலியோடு பெற்றவள் வேதத்தில் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது. அந்த அளவுக்குத்தான் அன்று எனக்கு உரிமை இருந்தது.

நீ முதன்முதலாக "அம்மா" என்றது அவளைப் பார்த்து. நான் இரண்டடி தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து பிசைந்தேன்.

இரண்டாவது கேள்வி. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "அம்மா இல்லேன்னா என்ன, நீ இருக்கியே அக்கா." அந்தச் சொல் எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. அக்காவாகவே இருந்துவிட்டேன். பிறகு நீ கடலில் அகப்பட்டாய். நான் ஐந்து மாதம் தயங்கினேன். அந்த ஐந்து மாதத்தில் நீ அந்தக் காய்ச்சலில் போயிருக்கலாம். அதை நான் என்றும் மறக்கப்போவதில்லை.

உனக்கு இஷ்டமானபோது வா.

கெசையா


பாஸ்டன்
1806 ஜனவரி 20

நலமாக இருக்கிறாயா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நீ நலமில்லை என்று சைலஸ் சொல்லிவிட்டான்.

நேற்று இங்கே வந்திருந்தான். பள்ளியில் ஒரு பிள்ளைகூட இல்லையாம். லிடியாவைக்கூட நிறுத்திவிட்டார்களாம். சபையார் முன்னால் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். நீ நின்றாயாம். மனம் வருந்துகிறேன் என்று சொல்லச் சொன்னபோது, "தாமதிச்சதுக்கு வருந்தறேன். பெத்ததுக்கு இல்லை" என்றாயாம். அன்றிலிருந்து உன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை என்றான். "ஓய்வு நிறையக் கிடைக்கிறது" என்று எழுதினாய். உனக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

வரும் திங்கட்கிழமை கப்பல் ஏறுகிறேன். மறுபடியும் சுமத்திரா, மிளகு. ஒன்றரை வருஷம். உன்மேல் கோபத்தில் போகிறேன் என்று நினைக்காதே. கோபம் லின் ஊரோடு தீர்ந்துவிட்டது. உன் வாசலில் நான் வந்து நின்றால் தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும். என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுகிறேன் என்று காது கொடுப்பார்கள். எனக்கே அது தெரியவில்லை. அவர்கள் முன்னால் நின்று தடுமாறி, உனக்கு இன்னொரு தலைகுனிவு வாங்கித்தர மனமில்லை.

இத்தனை பேர் நடமாடும் ஊரில் ஆறு வாரமாக ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கப்பலில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே இருந்தபோது வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜேபஸ்


பாஸ்டன், திருமதி ஹோவ் விடுதி வாசல்
1806 ஜனவரி 23, வியாழன்

ஜேபஸுக்கு,

சுகம். குளிரில் விரல் மட்டும் விறைத்திருக்கிறது. அதனால் எழுத்து கோணல்.

இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்திருக்கிறேன். காலை வண்டியில் புறப்பட்டேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நம் ஊர் க்ளவுட்மன் அம்மாள் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் காலை நீட்டிக்கொண்டு சுகமாக வந்தேன்.

நீ ஜன்னல்களுக்குப் பயப்படுகிறாய். இங்கே நம்மைத் தெரிந்த ஜன்னல் ஒன்றுகூட இல்லை. பார்த்துவிட்டேன்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. கடல் உன் பிழைப்பு. ஒருவரை நான் பார்க்காமல் அனுப்பினேன். அன்று வீட்டில் மாவு அரைக்க வேண்டியிருந்தது, துறைக்குப் போகவில்லை. உன்னையும் அப்படி அனுப்ப என்னால் முடியாது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கவலை வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் எதிரே வந்து நில். போதும்.

இதைத் திருமதி ஹோவிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும் வண்டி மூன்று மணிக்கு. அதுவரை எதிரில் கயிற்றுக்கடை வாசலில் நிற்பேன். மனமில்லையென்றால் வரவேண்டாம். நான் வருத்தப்படுவேன், ஆனால் புரிந்துகொள்வேன்.

கெசையா


அதே காகிதத்தின் பின்பக்கம்

மேலே அக்கா என்று எழுதி அடித்திருக்கிறேன், பார். அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லை ஆரம்பித்தேன். பாதியில் மை கொட்டிவிட்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். கயிற்றுக்கடைக்காரன் ஏதோ கேட்கிறான், நீ தலையாட்டுகிறாய். பச்சைப் போர்வை. நான் நினைத்திருந்ததைவிட நீ குள்ளம்.

தெருவைத் தாண்டாதே, பனி வழுக்குகிறது. திருமதி ஹோவ் இதை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்து சேர்வதற்குள் நானே இறங்கி வந்துவிடுவேன்.